அன்னபேதியும் ஒன்றரை சென்ட் புல்லும்

போன வருஷம் சித்திரையில் எங்கள் வீட்டு வாசல் புல்தரையில் என் வலது கை தெரிந்தது. கை என்றால் கையின் வீச்சு. பிடி பிடியாக யூரியாவை அள்ளி, கோழிக்குக் கம்பு எறிகிற மாதிரி எறிந்திருந்தேன். ஐந்தாம் நாள், மாடியில் துணி எடுக்கப் போன வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பச்சைக்கு நடுவில் ஏழெட்டு இடத்தில் விசிறி விசிறியாகக் கருகல். ஒவ்வொரு விசிறியும் நான் நின்ற இடத்தில் குறுகலாக ஆரம்பித்து, தள்ளிப் போகப் போக அகன்றிருந்தது. எங்கே நின்றேன், எந்தப் பக்கம் எறிந்தேன் என்று மோப்ப நாய் வராமலேயே சொல்லிவிடலாம்.

இதில் எனக்கு வெட்கம் ஏன் என்றால், நான் வெள்ளிப் பட்டறைக்காரன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்திரண்டு வருஷம் கொலுசுதான் என் சோறு. காலையில் ஆளுக்குக் கொடுத்த வெள்ளிக்கும் சாயங்காலம் திரும்பி வந்த கொலுசுக்கும் நடுவில் சேதாரம் எவ்வளவு என்று தராசில் பார்த்த பிறகுதான் கூலிக் கணக்கு. பட்டறை கூட்டிய குப்பையைக்கூட எறியாமல் சேர்த்து வைத்து உருக்குகிற தொழில். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்து, உரத்தைக் கைப்பிடியில் அளந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே பழைய பட்டறைத் தராசை எடுத்து மிச்சமிருந்த யூரியாவில் ஒரு பிடி அள்ளி வைத்துப் பார்த்தேன். 58 கிராம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். யூரியாவாகச் சொன்னால் 11 கிராம். என் ஒரு பிடி விழுந்த இடம் ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது. அஞ்சு மடங்கு! எங்கள் புல்தரை மொத்தம் ஒன்றரை சென்ட், அதாவது 650 சதுர அடி, கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர். கணக்குப்படி 650 கிராம் யூரியா போட்டிருக்க வேண்டும். நான் இரண்டு கிலோ காலி பண்ணியிருந்தேன். அதுவும் மதியம் பன்னிரண்டு மணிக்கு. அதுவும் ஓஸ் பிடித்துப் புல்லை நனைத்துவிட்டு. இலை ஈரமாக இருந்ததால் குருணை ஒட்டிக்கொண்டது. உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றில் தண்ணீர் விடுகிற மாதிரி, ஒட்டிய இடத்தில் இலையின் தண்ணீரை உரம் வெளியே இழுத்துவிட்டது. காய்ந்த இலையில் தூவி, பிறகு தண்ணீர் விட்டு மண்ணுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கூத்து இல்லை. யூரியாவைத் தொட்டால் தூவிய கையோடு தண்ணீர் விடவும் வேண்டும். வெயிலில் மண்மேல் கிடந்தால் சத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாடையாகக் காற்றில் போய்விடும்.

ஏன் சித்திரையில், ஏன் மதியத்தில் என்று கேட்பீர்கள். அதற்கு ஓஹையோ போக வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் கொலம்பஸில் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் போய் செப்டம்பர் கடைசி வரை இருந்தோம். அங்கே எனக்கு வேலை என்று எதுவும் இல்லை. பேத்தியைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் மூன்று மணி வரை சும்மா. தெருவில் நடந்தால் எல்லா வீட்டு முன்னாலும் புல். வேலி கிடையாது, காம்பவுண்டு கிடையாது, ஒரு வீட்டுப் புல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பது பச்சையின் நிறத்தை வைத்துத்தான் தெரியும். சில வீட்டில் புல்லுக்குள் சின்னக் கொடி நட்டிருந்தது. கேபிள் தோண்டப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். களைமருந்து அடித்திருக்கிறது, காயும் வரை மிதிக்காதே என்று அர்த்தமாம்.

மாப்பிள்ளைதான் எனக்குப் பாடம் எடுத்தார். அந்த ஊர்ப் புல் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ மாதிரி குளிர்ப் புல். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் வளரும். கோடையில் பழுப்பாகித் தூங்கும், பனியில் மறுபடி தூங்கும். அதனால் அங்கே முக்கியமான உரம் செப்டம்பர் உரம். பனி விழுவதற்குள் வேரில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஏப்ரலில் அதை வைத்துத்தான் பச்சை எழும். களைக்கும் அதே மாதிரி ஒரு நாள்காட்டி. கிராப்கிராஸ் என்று ஒரு புல்களை. பனியில் செடி செத்துவிடும், விதை மண்ணில் கிடக்கும். மண்ணின் சூடு 55 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 13 டிகிரி வந்ததும் முளைக்கத் தொடங்கும். வேலியோரம் ஃபோர்சித்தியா என்று ஒரு புதர், இலை வருவதற்கு முன்னாலேயே மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். "அந்தப் பூ இருக்கும்போதே மருந்து போட்டுடணும் மாமா, பூ போச்சுன்னா களை வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார். முளைக்காமல் தடுக்கிற மருந்து அது, முளைத்த பிறகு போட்டு உபயோகம் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. செடியைப் பார்த்து மாசம் தெரிந்துகொள்வது நம் ஆட்கள் செய்கிற வேலைதானே.

உர மூட்டையில் மூன்று எண் போட்டிருக்கும், நம்மூர் மாதிரியே. தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்). ஆனால் அவர்கள் வாங்கிய மூட்டையில் நடு எண் சைபர். கடைக்காரர் எதையோ திருடிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏரித் தண்ணீருக்காகவாம். வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் மணிச்சத்து ஓடிப் போய் ஏரியில் பாசி கிளம்புகிறது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பாசி விஷமாகி, டொலிடோ நகரத்தில் நாலு லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரை இரண்டு மூன்று நாள் குடிக்க முடியாமல் போயிருக்கிறது. பெரும்பங்கு வயல் உரம்தான் என்றாலும், வீட்டுப் புல்லுக்கும் வேண்டாத சத்து எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். இந்த சைபர் எனக்கு அப்போது ஒரு வேடிக்கைச் செய்தி. ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஊருக்குத் திரும்பினேன். கன்னங்குறிச்சி வீட்டு வாசலில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை. ஆறு மாசம் ஆளில்லாத புல்தரை காடாகக் கிடந்தது. கையில் கொலம்பஸ் நாள்காட்டி இருக்கிறதே! செப்டம்பர் உரம் தவறிவிட்டது, அக்டோபரிலாவது போடுவோம் என்று 17-17-17 காம்ப்ளக்ஸ் இரண்டு கிலோ வாங்கி வந்து போட்டேன். பத்து நாளில் ஐப்பசி மழை பிடித்தது. வாசல் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போனதில் என் உரம் எவ்வளவு போனது என்று தெரியாது. மிச்சத்தைத் தின்றது கோரைக் களை. புல்லைவிட ஒரு விரல் உயரம், பளபளவென்று, யாரோ நாற்று நட்ட மாதிரி. அதற்கடுத்த ஏப்ரலில், அங்கே வசந்தம் என்றால் இங்கே என்ன என்று யோசிக்காமல் போட்டதுதான் அந்த விசிறி யூரியா.

அந்த யூரியா வந்த வழியும் நேர்வழி இல்லை. மானிய உரம், கடையில் ஆதார் கொடுத்துக் கைரேகை வைத்தால்தான் மூட்டை தருவார்கள். வாழப்பாடியில் மக்காச்சோளம் போடுகிற பங்காளியிடம் மூன்று கிலோ கேட்டு வாங்கி வந்திருந்தேன். காட்டுக்குப் போக வேண்டிய உரத்தை வாசலில் கருக்கினேன் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயசு. வாழப்பாடிப் பக்கம் மேட்டுக்காட்டில் உழைத்த கட்டை. திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏண்டா கண்ணு, கெழங்குக்காட்டுல அருகு வெட்டி வெட்டியே என் இடுப்பு ஒடஞ்சிது. நீ அதுக்குக் காசு குடுத்து எரு வெக்கறயா?"

பதில் இல்லை. ஏனென்றால் எங்கள் புல்தரையில் முக்கால்வாசி அந்த அருகம்புல்தான். 2016-ல் வீடு கட்டியபோது நர்சரிக்காரர் கொரியன் புல்தான் பதித்துக் கொடுத்தார், சதுர அடிக் கணக்கில். மெத்து மெத்தென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது சோம்பேறி. ஒரு இடத்தில் செத்தால் அந்த ஓட்டையை மூட ஒரு வருஷம் எடுக்கும். அந்த ஓட்டையில் மூலையிலிருந்து அருகு நுழைந்தது. மூன்று வருஷம் அருகைப் பிடுங்கினேன். அப்புறம் கட்சி மாறிவிட்டேன். வெயில் தாங்குகிறது, மிதி தாங்குகிறது, பேத்தி வந்தால் சைக்கிள் ஓட்டுவதையும் தாங்குகிறது. அம்மா வெட்டி எறிந்ததை மகன் வளர்க்கிறேன், அவ்வளவுதான்.

அருகோ கொரியனோ, இரண்டும் சூட்டுப் புல். கொலம்பஸ் புல்லுக்கு நேர் எதிர். முப்பது டிகிரியைச் சுற்றித்தான் அதற்குக் கொண்டாட்டம். நம் மார்கழியில் அது சாவதில்லை, தூங்குவதும் இல்லை, மந்தமாக இருக்கும். அப்போது தின்னக் கொடுத்தால் செரிக்காது. களையும் அப்படித்தான். மார்கழி விடியலில் நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு நடந்தாலும் சேலத்து மண் 13 டிகிரிக்கு இறங்கப் போவதில்லை. ஆகவே இங்கே களை விதை சூட்டுக்காகக் காத்திருப்பதில்லை, ஈரத்துக்காகக் காத்திருக்கிறது. கோடை மழை இரண்டு உழவு பெய்தால் ஒரு முளைப்பு, ஆவணி புரட்டாசியில் ஒரு முளைப்பு. எனக்கு ஃபோர்சித்தியா கிடையாது. முதல் இடி இடித்த மூன்றாம் நாள் குனிந்து பார்க்க வேண்டியதுதான்.

இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு இது. கோடை மழை பெய்து மண் குளிர்ந்ததும் ஒரு உரம், அநேகமாக வைகாசியில். ஆடி கழிந்து ஆவணியில் ஒன்று. புரட்டாசி கடைசியில் பெரிய மழைக்கு முன்னால் கொஞ்சம் பொட்டாஷ், தழைச்சத்து பேருக்கு. அதற்கப்புறம் அடுத்த கோடை மழை வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். புல் மஞ்சளாகத் தெரிந்தாலும் சரி.

மஞ்சள் என்றதும் ஞாபகம் வருகிறது. கருகின இடம் தேறின பிறகும் புல்லுக்கு ஒரு சோகை இருந்தது. தழைச்சத்துக் குறைவு என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். இலை நீண்டது, நிறம் வரவில்லை. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் பட்டறை லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரு இலையைப் பார்த்தேன். கொலுசில் விரிசல் பார்க்கிற லென்ஸ். இலை முழுக்க நீளவாட்டில் கோடு, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று, கைத்தறி லுங்கியில் இழை ஓடுகிற மாதிரி. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு. அதுவும் புது இலையில்தான். அடியிலிருந்த பழைய இலை நல்ல பச்சை. தழைச்சத்துப் பஞ்சம் என்றால் இது தலைகீழாக இருக்கும். பழைய இலையிலிருந்து சத்தைப் பிடுங்கிப் புது இலைக்குக் கொடுத்து, அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புக்கு அந்த மாதிரி இடம் மாறத் தெரியாது. கிடைக்கவில்லை என்றால் குருத்துதான் முதலில் வெளுக்கும்.

பிறகுதான் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பத்து இடத்தில் ஆங்கில வி மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டில் ஒரு சீவல் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோவாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளியில் மாதிரி எடுக்கிற அதே புத்திதான். முடிவு வந்தது. கார அமிலத் தன்மை (பி.எச்.) 8.4, அதாவது கார மண். இரும்பு குறைவு. மணிச்சத்து அதிகம். அந்த 17-17-17-ம் அதற்கு முன் வருஷங்களில் கொட்டிய டிஏபி என்கிற மணிச்சத்து உரமும் அங்கேயே கிடந்திருக்கின்றன. கொலம்பஸ் மூட்டையின் சைபர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணிச்சத்து கூடினால் கார மண்ணில் இருக்கிற கொஞ்ச இரும்பும் புல்லுக்கு எட்டாமல் கட்டிப்போய்விடும். கடையில் காம்ப்ளக்ஸ் என்று கேட்டு வாங்கி, நானே என் புல்லுக்குச் சோகை வர வைத்திருக்கிறேன்.

தண்ணீரும் ஒரு காரணம். மேட்டூர்த் தண்ணீர் குடிக்க மட்டும். புல்லுக்கு போர் தண்ணீர், வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் ஓரத்தில் வெள்ளைப் படிவு நிற்கிற உப்புத் தண்ணீர். எங்களுக்கு மேற்கே வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி, இந்தப் பக்கத்துத் தண்ணீரின் குணத்தைக் கேட்கவா வேண்டும். ஒவ்வொரு தடவை ஓஸ் பிடிக்கும்போதும் மண்ணுக்குக் கொஞ்சம் காரம் ஊட்டுகிறோம்.

ஆகவே யூரியாவை விட்டு அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறினேன். மண்ணை அமிலப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். தழைச்சத்து நூற்றுக்கு 21-தான், அதனால் ஒரு உரத்துக்கு 1 கிலோ 400 கிராம். அதை இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவெளியில் 700, 700. தராசில்தான். காய்ந்த மணல் ஐந்து கிலோவோடு கலந்து, பாதியைத் தெற்கு வடக்காக நடந்து தூவுகிறேன், மீதியைக் கிழக்கு மேற்காக. ஒரு நடையில் விட்டது மறு நடையில் விழுந்துவிடும். விசிறி வருவதில்லை.

இரும்புக்கு அன்னபேதி. உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேட்டால் கிடைக்கும். இளம்பச்சைக் கற்கண்டு மாதிரி இருந்தால் வாங்கலாம், துரு நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வேண்டாம், சத்துப் போய்விட்டது. இந்த மண்ணில் கொட்டினால் மண்ணே விழுங்கிவிடும் என்பதால் இலைமேல் தெளிக்கிறேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. நாலாம் நாள் அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டும்! ஆழமாக, கொஞ்சம் நீலம் கலந்து. இலையை நீட்டாமல் நிறத்தை மட்டும் கொடுக்கிற சரக்கு இது. ஆனால் வாசல் டைல்ஸில் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக்கறை, ஜென்மத்துக்கும் போகாது. எங்கள் வீட்டில் கோலம் போடுகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. வீட்டுக்காரி அதைச் சுற்றிக் கோலம் போடுகிறாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

இந்த வித்தையை ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருக்கிற நண்பரிடம் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எல்லாமே வேறு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், மழை அதிகம், சுண்ணாம்பெல்லாம் கழுவிப் போன புளித்த மண். அங்கே அம்மோனியம் சல்பேட் போட்டால் புளிப்பு இன்னும் ஏறும். அவர் போடுவது டோலமைட், புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக் கல் பொடி. சில்வர் ஓக் நிழலில் புல்லுக்குப் பதில் பாசி பச்சைக் கம்பளமாக விரிந்திருந்தது. என் பேச்சைக் கேட்டு அன்னபேதி தெளித்தார். இரண்டு நாளில் பாசி கன்னங்கரேல் என்று கருத்துவிட்டது. பாசிக்கு அது மருந்து என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னைப் பாராட்டினார், நானும் தெரிந்தே சொன்ன மாதிரி வைத்துக்கொண்டேன். நிழல் போகாததால் அடுத்த மழைக்குப் பாசி திரும்பி வந்தது என்பது வேறு கதை.

சரி, களை.

இலைக்களைகள் பெரிய விஷயம் இல்லை. மூக்குத்திப் பூண்டு, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, தொட்டியோரம் புளியாரை. மழை பெய்த மறுநாள் காலையில் பிடுங்கினால் வேரோடு வருகிறது. மூக்கிரட்டைக்கு மட்டும் முள்ளங்கி மாதிரி ஆணிவேர், கொத்து வேண்டும். அதோடு புல்லை மொட்டையடிக்காமல் ஒன்றரை அங்குலம் விட்டு, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தாலே களைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. இது தெரிந்தும், போன ஆடியில் சோம்பலில் 2,4-டி வாங்கி அடித்தேன். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் கொல்லும் மருந்து, சொன்னபடி கொன்றது. ஆனால் அம்மி பறக்கிற மாசத்தில் ஸ்பிரேயரைத் தூக்கியவன் நான்.

கிழக்குப் பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டு ஓரம் ஆறு தக்காளிச் செடி வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் குருத்தெல்லாம் சுருண்டு, இலை நூல் மாதிரி மெலிந்து, தண்டு பாம்பாக முறுக்கிக்கொண்டது. தக்காளி, பருத்தி, திராட்சை இதற்கெல்லாம் அந்த மருந்தின் வாடை பட்டாலே போதும். நான் வாங்கியது எஸ்டர் வகை, அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகிக் கிளம்பும். அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்து, "இலைச்சுருட்டல் நோயாட்டம் இருக்குதுங்ண்ணா, வெள்ளை ஈ பரப்புமாமே" என்றார்கள். நான் "ஆமாங்க, இந்த வருஷம் ஊரெல்லாம் இருக்குது" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. எட்டு நாள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் காயப் பறிச்சுக் கொழம்புல போட்டிருப்பனா?"

மிச்சத்தோடு பாட்டிலைக் கட்டி வைத்துவிட்டேன். அந்த ஸ்பிரேயரை அன்னபேதிக்குக்கூட எடுப்பதில்லை, எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் வாஷரில் மருந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்று. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் பிள்ளையாருக்கு அருகம்புல் கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். காலையில் ஜூஸ் போடுகிறேன் என்று ஒரு பெரியவரும் மஞ்சப்பையோடு வருவார். போன வருஷம் இரண்டு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். காரணம் சொன்னதும் பெரியவர் முகம் போன போக்கு, அதற்கு முன்னால் பறித்துக்கொண்டு போன நாட்களை எண்ணுகிற மாதிரி இருந்தது.

கோரைதான் இன்னும் எனக்கும் தீராத கணக்கு. தண்டை விரலில் உருட்டினால் மூன்று மூலை இடறும், புல்லின் தண்டு உருளும். அது ஒரு டிராக்டர் எருவோடு வந்தது. மக்கிய எருதான், ஆனால் கிழங்குக்கு மக்கத் தெரியாது. ஒரு நாள் துளசி மாடத்துக்கு முன்னால் ஒரு சதுர அடியை அளந்து, களைக்கொத்தால் முக்கால் அடி ஆழம் மெல்லத் தோண்டி, மண்ணை உதிர்த்துப் பார்த்தேன். கறுப்புக் கிழங்கு, புளியங்கொட்டையைவிடச் சின்னது. ஒன்றிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் போய் அடுத்தது, அதிலிருந்து அடுத்தது, கொலுசுக் கம்பியில் கோத்த சலங்கை மணி மாதிரி. கண் தெளிவாக இருந்த வரை நான் பார்த்த வேலையை மண்ணுக்குள் எவனோ இலவசமாகச் செய்து வைத்திருக்கிறான். எண்ணினேன், 41. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நலங்கு மாவு வாசனை. மேலே செடியைப் பிடுங்கும்போது கம்பி பட்டென்று அறுந்து, அதுவரை தலைக் கிழங்குக்கு அடங்கித் தூங்கின மணிகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருவது கண்திருஷ்டி அல்ல.

அம்மா அந்த 41-ஐயும் கழுவிக் காயவைத்து அரைத்துப் பேத்திக்குக் குளியல் பொடியில் கலந்துவிட்டது. அந்த வகையில் நஷ்டம் இல்லை.

கடையில் கேட்டால் "எல்லாக் களையும் போயிரும் சார்" என்று கிளைபோசேட்டை எடுத்து வைக்கிறார்கள். எல்லாம் போகும், புல்லும் சேர்ந்து. தவிர 2022 அக்டோபரிலேயே, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாகத்தான் அதை அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. கோரைக்கென்றே ஒன்று இருக்கிறது, ஹேலோசல்ஃப்யூரான் மெத்தில். கரும்புக்காட்டில் அடிக்கிறார்கள், கிழங்கு வரைக்கும் இறங்கும். கொலம்பஸில் அதே மருந்தை வீட்டுப் புல்லுக்கென்று சின்னப் பொட்டலத்தில் விற்கிறார்கள், மாப்பிள்ளை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். அருகையும் கொரியனையும் அது ஒன்றும் செய்யாது. நம்மூரில் அது கரும்புக்காரர்கள் சரக்கு, ஏக்கருக்கு 36 கிராம். உறவுக்காரர் ஒருவர் மிச்சம் வைத்திருந்ததைத் தந்தார்.

நூறு சென்ட்டுக்கு 36 கிராம் என்றால் ஒன்றரை சென்ட்டுக்கு? அரை கிராமும் கொஞ்சமும். பட்டறைத் தராசை ஜன்னல் சாத்திய அறைக்குள் வைத்து, கையுறை போட்டு, தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, காது குடைகிற கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். 0.54. ஒரு சலங்கை மணியின் எடைகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதே வாசலில் 58 கிராமைக் கையால் அள்ளி எறிந்தவன் நான். வெள்ளிப்பொடி மடிக்கிற மடிப்பில் பொட்டலம் மடித்து, மேலே தேதி எழுதி, பீரோவில் பூட்டினேன்.

இந்தத் தடவை அடிப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என்ன மருந்து, எவ்வளவு, எதற்கு, எல்லாம். அக்கா இப்போது அவரைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "காத்து இருக்குதா இல்லையான்னு நானே பாத்துச் சொல்றங்ண்ணா, நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்றார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு நான் ஸ்பிரேயரும் வாளியுமாக வெளியே வந்தால், காம்பவுண்டுச் சுவர் மேல் மண் நிரப்பிய டம்ளரில் ஊதுவத்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் கையைக் கட்டி நின்றிருந்தார்கள். புகை ஒரு சாண் நேராக ஏறி, அப்புறம் அவரைப் பந்தலைப் பார்த்துச் சாய்ந்தது. "இன்னைக்கு வேண்டாங்ண்ணா."

இது பதினோராவது நாள். ஆடி இன்னும் முடியவில்லை. ஊதுவத்தி தினமும் எரிகிறது, பொட்டலம் பீரோவில் இருக்கிறது. அம்மா திண்ணையை விட்டு இறங்கி, குத்துக்காலிட்டு, மாடத்தைச் சுற்றிக் கோரை தோண்டிக்கொண்டிருக்கிறது.